ஒரு நாட்டுக்கு மதம் இருக்க முடியுமா? அயர்லாந்து அரசமைப்பின் வழியே ஓர் அறிமுகம்

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடம். இந்திய அரசமைப்பில் உள்ள அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள் எந்த நாட்டிலிருந்து வந்தவை? அயர்லாந்து. டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த அயர்லாந்து அரசமைப்பில் வேறு என்ன இருந்தது என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

புரட்டினால் முதல் வரியிலேயே ஆச்சரியம் காத்திருக்கிறது. 1937-இல் இயற்றப்பட்ட அந்த ஆவணம் "மகா பரிசுத்த திரித்துவத்தின் பெயரால்" என்று தொடங்குகிறது. திரித்துவம் என்றால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று கிறிஸ்தவர்கள் வணங்கும் ஒரே கடவுள். எல்லா அதிகாரமும் அங்கிருந்தே வருகிறது என்கிறது. அடுத்து, நூற்றாண்டுக் கணக்கான சோதனைகளில் எங்கள் முன்னோரைத் தாங்கி நின்ற ஆண்டவர் இயேசு கிறிஸ்துவுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று ஐரிஷ் மக்கள் அறிவிக்கிறார்கள். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். இதில் விசுவாசப் பிரமாணம் மட்டும் இல்லை, வரலாறும் இருக்கிறது. நாங்கள் யார் என்றால், துன்பத்தில் கிறிஸ்துவால் தாங்கப்பட்டவர்கள் என்கிறது. சட்டம், மதம், அடையாளம் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்கள்.

நம் அரசமைப்பு நிர்ணய சபையிலும் இப்படியொரு முயற்சி நடந்தது. 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரை "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுளை நம்பிய பலரே எதிர்த்து வாக்களித்தார்கள்.

அந்த முடிச்சைப் போட்ட அயர்லாந்தில் பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்தால், "கிறிஸ்தவ ஒழுக்கம் சட்டத்தில் இருக்கலாமா" என்ற கேள்வி எளிதாகப் புரியும்.

பாவமும் குற்றமும்

முதலில் ஒரு அடிப்படை. கொலை செய்யாதே என்பது பத்துக் கட்டளைகளில் இருக்கிறது, குற்றவியல் சட்டத்திலும் இருக்கிறது. அதனால் கொலைக்கு எதிரான சட்டம் மதச் சட்டம் ஆகிவிடாது. எந்தக் கடவுளையும் கும்பிடாதவரும் அதை ஒப்புக்கொள்வார். பிறன்மனை நோக்காதே என்பதும் பத்தில் ஒன்றுதான். அதை மீறியவரைச் சிறையில் போடலாமா என்று கேட்டால், பக்தியுள்ள கிறிஸ்தவர்களே தயங்குவார்கள். பாவம் என்பது ஒன்று, குற்றம் என்பது இன்னொன்று. இரண்டும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும், பல இடங்களில் விலகி நிற்கும்.

பிரிட்டனில் 1957-இல் வெளியான உல்ஃபெண்டன் குழு அறிக்கை இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. தனிமனித ஒழுக்கத்தில் ஒரு பகுதி சட்டத்தின் வேலையே இல்லை என்றது. வயதுவந்த ஆண்கள் இருவர் விருப்பத்தோடு தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது. பத்து ஆண்டுகள் கழித்து, 1967-இல், இங்கிலாந்து எடுத்தது.

அயர்லாந்து அந்தக் கோட்டை வேறு இடத்தில் போட்டது. அதற்குக் காரணம் அந்த மக்கள் மற்றவர்களைவிடப் பக்தியானவர்கள் என்பதல்ல. வரலாறு.

ஐரிஷ்காரர் என்றால் கத்தோலிக்கர்

பதினெட்டாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள், ஆட்சி புராட்டஸ்டன்ட் கையில். கத்தோலிக்கர் நிலம் வாங்கக்கூடாது. நாடாளுமன்றத்தில் உட்காரக்கூடாது. 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரைகூட வைத்துக்கொள்ளக்கூடாது. அப்பன் சொத்து எல்லா மகன்களுக்கும் துண்டு துண்டாகப் பிரியும், ஆனால் மூத்தவன் ஆங்கிலிக்கனாக, அதாவது ஆட்சியாளர்களின் புராட்டஸ்டன்ட் சபைக்கு, மாறினால் முழுதும் அவனுக்கே. தான் கும்பிடாத சபைக்குக் கத்தோலிக்க விவசாயி தசமபாகம் கட்டினான். நாடாளுமன்றக் கதவு 1829-இல்தான் திறந்தது.

பிறகு 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிடக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதிகள்தான் அதிகம் காலியாயின. மொழி தேய்ந்தது. ஆங்கிலம் பேசும் ஒரு மக்கள், தாங்கள் ஆங்கிலேயர் அல்ல என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? மதம்தான் மிச்சம். மொழியை அடையாளமாகக் கொண்ட நமக்கு இது புரிவது கஷ்டமில்லை. நம்மிடம் மொழி இருந்த இடத்தில் அவர்களிடம் திருச்சபை இருந்தது.

1922-இல் சுதந்திர அரசு அமைந்ததும் இதன் விளைவு சட்டங்களில் தெரிய ஆரம்பித்தது. 1923-இல் திரைப்படத் தணிக்கை. 1925-இல் விவாகரத்துக்கான வழி அடைக்கப்பட்டது. அதை எதிர்த்து மேலவையில் பேசியவர்களில் ஒருவர் கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸ். புராட்டஸ்டன்ட் குடும்பத்துக்காரர். ஒரு சிறுபான்மையின் உரிமையைப் பறிக்கிறீர்கள் என்று கடுமையாகச் சாடினார், பலனில்லை. 1929-இல் நூல் தணிக்கை. 1935-இல் கருத்தடைச் சாதனங்களின் விற்பனைக்கும் விற்பதற்கான இறக்குமதிக்கும் தடை. பயன்படுத்துவது குற்றமில்லை. கிடைக்காத பொருளைப் பயன்படுத்துவது எப்படி என்பதுதான் கேள்வி.

இந்த 1935 தடையில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. "கிறிஸ்தவ ஒழுக்கம்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய கிறிஸ்தவம்? 1930-இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் (பிஷப்புகள்) சில சூழல்களில் கருத்தடையை ஏற்கலாம் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் போப் பதினோராம் பயஸ் கூடவே கூடாது என்று சுற்றுமடல் விட்டார். இருவரும் அதே பைபிளைப் படிப்பவர்கள்தான். அயர்லாந்து அரசு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாக் குடிமக்கள்மேலும் சுமத்தியது. ஒரு மதத்தின் ஒழுக்கத்தைச் சட்டமாக்கும்போது, அந்த மதத்துக்குள்ளேயே ஒரு கட்சியின் பக்கம் அரசு சாய்ந்தாக வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த விவகாரத்திலேயே முக்கியமாகப் படுவது இதுதான்.

1937: டி வலேரா எழுதியதும் எழுதாததும்

புதிய அரசமைப்பைக் கொண்டுவந்தவர் பிரதமர் ஈமன் டி வலேரா. பின்னாளில் டப்ளின் பேராயரான ஜான் சார்லஸ் மெக்வெய்ட் வரைவுக்கு யோசனை சொன்னவர்களில் ஒருவர். 44-ஆம் பிரிவு கத்தோலிக்கத் திருச்சபையின் "சிறப்பு நிலையை" ஒப்புக்கொண்டது. 41-ஆம் பிரிவு விவாகரத்துக்கு வழிசெய்யும் சட்டமே இயற்றக்கூடாது என்றது. பெண் வீட்டுக்குள் வாழும் வாழ்வால் அரசுக்கு ஆதரவு தருகிறாள், பொருளாதார நெருக்கடியால் அவள் வீட்டுக் கடமைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் நிலை வராமல் அரசு பார்த்துக்கொள்ள முயல வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. தெய்வ நிந்தனை தண்டனைக்குரியது ஆனது. 1937 ஜூலை 1 அன்று மக்கள் வாக்களித்தார்கள். ஆதரவு சுமார் 56 சதவீதம். நூற்றுக்கு 93 பேர் கத்தோலிக்கராக இருந்த நாட்டில் இது பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது.

டி வலேராவை முழு மதவாதி என்று முத்திரை குத்துவதும் சரியில்லை. கத்தோலிக்கமே ஒரே மெய்யான சபை என்று எழுதச் சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. பெரும்பான்மைக் குடிமக்களின் மதம் என்ற காரணத்தைத்தான் எழுதினார். கூடவே ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், மெத்தடிஸ்ட், குவேக்கர் சபைகளையும், யூதச் சபைகளையும் பெயர் சொல்லி அங்கீகரித்தார். ஐரோப்பாவில் 1937-இல் யூதர்களை அரசமைப்பில் பெயர் சொல்லி அங்கீகரிப்பது சாதாரண விஷயமல்ல. வத்திக்கான் திருப்தியாக இல்லை. போப் ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மௌனமாக இருந்துவிட்டார்.

நாம் எடுத்துக்கொண்ட நெறிமுறைக் கோட்பாடுகள் இருக்கும் 45-ஆம் பிரிவுக்கு வருவோம். சமூகத்தின் பொருள் வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொது நன்மைக்குச் சிறப்பாக உதவும் வகையில் பகிரப்பட வேண்டும் என்கிறது அது. நம் 39(ஆ) பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே சொற்கள். "தனிநபர்களிடையேயும் பல்வேறு வகுப்புகளிடையேயும்" என்ற தொடரை மட்டும் நாம் விட்டுவிட்டோம். இந்தச் சிந்தனை அயர்லாந்துக்கு எங்கிருந்து வந்தது? தொழிலாளர் கூலி, தனிச்சொத்து, பொது நன்மை பற்றி 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோவும் 1931-இல் பதினோராம் பயஸும் எழுதிய சுற்றுமடல்கள் அதன் பின்னணியில் இருந்தன. ஆக, கிறிஸ்தவ ஒழுக்கம் சட்டத்துக்குள் நுழைவது என்றால் படுக்கையறைத் தடைகள் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. சோஷலிஸ்ட் என்று நாம் கருதும் நம் சட்டப் பிரிவு ஒன்றுக்கு போப்பாண்டவர் தூரத்து உறவு!

இந்த இரண்டாவது வகை நுழைவில் யாருக்கும் பெரிய பிரச்சினை வரவில்லை. மதத்திலிருந்து வந்த கருத்தானாலும், மதம் சாராத காரணங்களைச் சொல்லி எவரும் அதை ஏற்கவோ மறுக்கவோ முடியும். சிக்கலெல்லாம் "திருச்சபை சொல்கிறது, நாம் கத்தோலிக்க நாடு" என்பதே காரணமாக நின்ற இடங்களில்தான்.

கடிதங்கள், ரயில், ஒரு சுங்கப் பொட்டலம்

1951. சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன், தாய்மாருக்கும் 16 வயது வரை பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் தரும் திட்டம் கொண்டுவந்தார். வருமான வரம்பு கிடையாது. ஆயர்கள் எதிர்த்தார்கள். பிள்ளைகளின் உடல்நலம் பெற்றோர் உரிமை, அரசு அதில் தலையிட்டால் நாளை கருத்தடையும் கற்றுக்கொடுக்கும் என்பது அவர்கள் அச்சம். வருமானம் குறையும் என்ற கவலையில் டாக்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். அமைச்சரவை பின்வாங்கியது, பிரவுன் ராஜினாமா செய்தார். போகிறபோது ஆயர்களோடும் சகாக்களோடும் நடந்த கடிதப் போக்குவரத்தை முழுசாகப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். திரைக்குப் பின்னால் நடப்பதை மக்கள் முதல்முறை எழுத்தில் படித்தார்கள். பிரதமர் ஜான் காஸ்டெல்லோ வெட்கப்படவில்லை. நான் முதலில் கத்தோலிக்கன், அப்புறம்தான் ஐரிஷ்காரன் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

பிரிட்டனோடு தங்கிவிட்ட வடக்கு அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட்களுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "சுயாட்சி என்றால் ரோமாட்சி" என்று அவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் உத்தமர்கள் இல்லை. தங்களுடையது புராட்டஸ்டன்ட் நாடாளுமன்றம், புராட்டஸ்டன்ட் அரசு என்று அங்கிருந்த பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க் 1934-இலேயே பெருமையடித்தவர்.

1971 மே 22. டப்ளின் பெண்கள் குழு ஒன்று ரயிலேறி எல்லைக்கு அப்பால் பெல்ஃபாஸ்ட் போய், கருத்தடைச் சாதனங்கள் வாங்கிக்கொண்டு திரும்பியது. மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதனால் சிலர் ஆஸ்பிரின் வாங்கிக்கொண்டார்கள். டப்ளின் ஸ்டேஷனில் சுங்க அதிகாரிகள் முன்னால் அதையே கருத்தடை மாத்திரை என்று காட்டி முழுங்கினார்கள். அதிகாரிகள் யாரையும் கைது செய்யவில்லை. நிறைவேற்ற ஆளில்லாத சட்டம் எப்படி இருக்கும் என்று நாடே பார்த்தது.

அதே காலத்தில் மேரி மெகீ என்ற பெண்ணுக்கு இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்த கருத்தடை ஜெல்லியைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. கணவர் மீனவர். நான்கு பிள்ளைகள். இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: கணவன் மனைவிக்குள் எடுக்கும் இந்த முடிவில் அரசு நுழையக்கூடாது. தீர்ப்புக்கு நீதிபதிகள் பிடித்த கொம்பு, குடும்பத்தைப் போற்றும் அந்தக் கத்தோலிக்க அரசமைப்பேதான்.

இதன் பிறகும் 1979-இல் வந்த சட்டம் ஆணுறை வாங்க டாக்டர் சீட்டு கேட்டது. கொண்டுவந்த அமைச்சர் சார்லஸ் ஹாஹி, "ஐரிஷ் பிரச்சினைக்கு ஐரிஷ் தீர்வு" என்றார். அந்தத் தொடர் இன்றும் அங்கே கிண்டலாகப் புழங்குகிறது.

இரவல் வாங்கிய ஒழுக்கம்

டப்ளின் டிரினிட்டி கல்லூரி விரிவுரையாளர் டேவிட் நாரிஸ், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 1983-இல் உச்ச நீதிமன்றம் 3-க்கு 2 என்று தள்ளுபடி செய்தது. தலைமை நீதிபதி ஓ'ஹிகின்ஸ் அரசமைப்பின் முகப்புரையைக் காட்டி, இது கிறிஸ்தவத் தன்மை கொண்ட அரசு என்று காரணம் சொன்னார். அலங்காரத்துக்கு எழுதியது என்று பலர் நினைக்கும் முகப்புரை வரிகள் ஒரு மனிதனின் வழக்கைத் தோற்கடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1988-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நாரிஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் சட்டம் போனது.

வேடிக்கை என்னவென்றால், ஐரிஷ் கிறிஸ்தவத்தின் பெயரால் காப்பாற்றப்பட்ட அந்தச் சட்டம் ஐரிஷ் சட்டமே அல்ல. 1861-இல் லண்டன் நாடாளுமன்றம் போட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இந்தியாவுக்குப் போட்ட தண்டனைச் சட்டத்தில்தான் நம் 377 இருந்தது. இங்கேயும் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு வரும்வரை "நம் பண்பாடு" என்று சொல்லி அதைக் காத்தவர்கள் உண்டு. விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் விட்டுப்போன சட்டத்தை இரண்டு நாடுகளும் தங்கள் பாரம்பரியம் என்று மார்போடு அணைத்துக்கொண்டன.

பூட்டும் சாவியும்

கருக்கலைப்பும் அதே 1861 சட்டத்தின்படி ஏற்கெனவே குற்றம்தான். பிறகு ஏன் அதை அரசமைப்பில் எழுத வேண்டும்? மெகீ தீர்ப்பும், அதே 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக்கியதும் சிலரைப் பயமுறுத்தின. நாளை நம் நீதிபதிகளும் இதையே செய்துவிட்டால்? அரசமைப்பிலேயே போட்டுப் பூட்டிவிடுவோம் என்றார்கள். 1983 செப்டம்பர் 7 பொது வாக்கெடுப்பில் 66.9 சதவீத ஆதரவோடு எட்டாவது திருத்தம் நிறைவேறியது. கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை.

1992-இல் பாலியல் வன்கொடுமையால் கர்ப்பமான 14 வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. தற்கொலை ஆபத்தைக் கணக்கில் எடுத்து உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. எந்தச் சூழலில் கருக்கலைப்பு செய்யலாம் என்று தெளிவாக்கும் சட்டம் மட்டும் அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு வரவில்லை. அந்தத் தெளிவின்மைக்கு நடுவில்தான் கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனைக்குப் போனார். 31 வயது, 17 வாரக் கர்ப்பம், கரு பிழைக்காது என்பது தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். இதயத்துடிப்பு இருக்கிறது, முடியாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்று ஊழியர் ஒருவர் அவரிடம் சொன்னார். பிறகு நடந்த மரண விசாரணையில் அதை ஒப்புக்கொண்டார். அக்டோபர் 28 அன்று, ரத்தத்தில் நச்சு பரவி சவிதா இறந்தார். தொற்றை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்றும் விசாரணைகள் குறை கூறின, அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் இந்துவான ஒரு பெண்ணுக்கு மருத்துவமனைப் படுக்கையில் கிடைத்த விளக்கம் மருத்துவக் காரணமாக இல்லாமல் நாட்டின் அடையாளமாக இருந்ததை யாராலும் மறக்க முடியவில்லை.

2018 மே 25 அன்று எட்டாவது திருத்தத்தை மக்கள் நீக்கினார்கள். ஆதரவு 66.4 சதவீதம். 35 ஆண்டுகளில் அதே மூன்றில் இரண்டு பங்கு, எதிர்ப்பக்கம்!

இதில் ஒரு முரண் இருக்கிறது. அயர்லாந்து அரசமைப்பை மாற்ற நாடாளுமன்றம் மட்டும் போதாது, பொது வாக்கெடுப்பு வேண்டும். ஒழுக்கத்தை நீதிபதிகளிடமிருந்தும் அரசியல்வாதிகளிடமிருந்தும் காப்பாற்ற நினைத்தவர்கள் பூட்டைப் போட்டுச் சாவியை மக்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். மக்கள் மாறினார்கள். 1972-இல் திருச்சபையின் சிறப்பு நிலை 84 சதவீத வாக்கோடு போனது, ஆயர்களே பெரிதாக எதிர்க்கவில்லை. விவாகரத்து 1986-இல் தோற்று, 1995-இல் வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2015-இல் தன்பாலினத் திருமணத்துக்கு 62 சதவீதம். 2018 அக்டோபரில் தெய்வ நிந்தனைப் பிரிவும் போனது.

மக்கள் ஏன் மாறினார்கள்? கல்வி, ஐரோப்பா, டி.வி. என்று அடுக்கலாம். திருச்சபை தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டதுதான் பெரிய காரணம் என்பேன். ஒழுக்கம் போதித்த ஆயர் ஈமன் கேசிக்கு ஒரு மகன் இருப்பது 1992-இல் வெளியானது. அது சின்ன விஷயம். குருக்களிடமும், துறவற சபையினர் நடத்திய நிறுவனங்களிலும் குழந்தைகள் பட்ட கொடுமையை 2009 அறிக்கைகள் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தன. "தவறிய பெண்கள்" என்று பெயர் சூட்டிச் கன்னியாஸ்திரிகள் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியானது 1996 வரை டப்ளின் நடுவிலேயே இயங்கியது. அங்கே பெண்களை அனுப்பியதில் அரசுக்கும் பங்குண்டு. 2013-இல் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவும் படித்துவிட்டு அயர்லாந்து மதத்தைத் துடைத்தெறிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 2022 கணக்கெடுப்பில் 69 சதவீதம் பேர் கத்தோலிக்கர் என்றே எழுதினார்கள். அவர்களில் பலர் 2018-இல் நீக்கத்துக்கு வாக்களித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். திருத்தப்படாத முகப்புரை அப்படியே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் மூவேளை செபத்துக்கான மணி அடிக்கிறது. "வீட்டுக்குள் வாழும் பெண்" பிரிவை மாற்ற 2024 மார்ச் 8 அன்று அரசு வாக்கெடுப்பு நடத்தியபோது சுமார் 74 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் எல்லாரும் பெண்ணை அடுப்படிக்கு அனுப்ப நினைத்தவர்கள் இல்லை. புதிய வாசகம் மழுப்பலாக இருக்கிறது, பராமரிப்பாளர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் ஒன்றுமில்லை என்று எதிர்த்தவர்கள் நிறைய.

இப்போது விவாதம் பள்ளிகளில் நடக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது இன்னும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கின்றன, சம்பளம் அரசு கொடுக்கிறது. இடத்துக்குப் போட்டி இருந்தால் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை என்ற நடைமுறையை 2018-இல்தான் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பள்ளிகளைத் திருச்சபையிடமிருந்து வேறு நிர்வாகத்துக்கு மாற்றும் பேச்சு ஊர் ஊராக நடக்கிறது. வேகமில்லை. ஞாயிறு பூசைக்குப் போகாத பெற்றோரே, பிள்ளையின் முதல் நற்கருணை விழா பள்ளியோடு சேர்ந்து நடக்கட்டும் என்று சொல்கிறார்கள்.